காத்திருந்த பக்கங்கள்

பிரிண்டர் பட்டனை ஐந்தாவது முறை அமுக்கிவிட்டு விரலை எடுத்தாள்.

ஆரஞ்சு விளக்கு அணைந்தது.

"ஆறாவது தடவை அமுக்கிடாதீங்கக்கா. அப்புறம் நான்தான் வரணும்." ஸ்பீக்கரில் சிரித்தான் சர்வீஸ் கடை ரஃபீக்.

ஒன்றரை மாதமாக அந்தப் பிரிண்டர் மேசை மூலையில் கண் சிமிட்டிக்கொண்டே கிடந்தது. மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மூன்றாம் நாள், அவள் கணவன் தயாளன் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான்.

செத்துப்போச்சு, அதைத் தொடாதம்மா, என்றான்.

அவளும் தொடவில்லை. ஆனால் நாளை மறுநாள் ஆதிரைக்கு எட்டு வயது முடிகிறது. அழைப்பை வீட்டிலேயே அச்சடிக்க வேண்டுமென்று பிள்ளைக்கு ஆசை. அப்பாவும் மகளும் முடி வெட்டப் போயிருக்கிறார்கள். திரும்பி வருவதற்குள் முடித்துக் காட்டிவிடலாம் என்றுதான் துண்டை எடுத்தாள்.

"உள்ளே அடியில ஒரு பஞ்சு இருக்கும்க்கா. சுத்தம் பண்ணும்போது வழியிற மையெல்லாம் அதுல போய் ஊறும். நிறைஞ்சிட்டா மிஷின் நின்னுடும்."

"இப்போ அது காலியாயிடுச்சா?"

"எங்கே காலியாகும்? காலின்னு மிஷினை நம்ப வச்சிருக்கோம். அவ்வளவுதான்."

பச்சை விளக்கு வந்தது.

இயந்திரம் ஒருமுறை உறுமியது. உள்ளே ஏதோ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடியது. பிறகு ஒரு தாளை இழுத்தது.

அவள் இன்னும் எதையும் அனுப்பவில்லை.

"பழசு ஏதாவது பாக்கி இருக்கும்க்கா. வரட்டும் விடுங்க." ரஃபீக் போனை வைத்துவிட்டான்.

தாள் வந்து விழுந்தது.

மைனர் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வழங்கப் பெற்றோர் இருவரின் சம்மதம். குழந்தையின் பெயர், ஆதிரை. தந்தையின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

தாயின் கையெழுத்து இருந்தது.

அவள் போடவில்லை.

ஆனால் அவளுடையதுதான். கடைசி எழுத்தில் தொடங்கி அடியில் நீளும் அந்த வால். வாலின் மேல் சிவப்பில் ஒரு டிக்.

அந்த டிக் அவளுக்குத் தெரியும். ஆதிரையின் பள்ளி டைரியில், அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் டீச்சர் போடுவது.

இரண்டாவது தாள் வந்தது. அதே பக்கம். டிக்கில் பாதி இல்லை.

மூன்றாவதில் சிவப்பே இல்லை. அவள் போட்டதைவிடச் சுத்தமாக இருந்தது.

டைரியிலிருந்து எடுத்து, திரையில் பார்த்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறான் தயாளன். திருத்தித் திருத்தி அனுப்பியிருக்கிறான். இங்கே ஒன்றுகூட வராததால் வெளியே எங்கோ போய் எடுத்திருப்பான்.

போன வருடம் கேட்டான். ஆதிரை மஸ்கட்டில் என் அக்கா வீட்டில் வளரட்டும், நல்ல ஸ்கூல், என்று. முடியாது என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். நான்கு நாள் அவன் சாப்பிடவில்லை. இந்த விடுமுறையில் அந்தப் பேச்சே இல்லை. தினமும் சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கி வந்தான்.

எவ்வளவு மாறிவிட்டார் என்று அவள் தன் அண்ணியிடம் சொல்லியிருந்தாள்.

தாள் தீர்ந்து இயந்திரம் நின்றது. ஆரஞ்சு விளக்கு மறுபடி சிமிட்டியது.

கணினித் திரையில், இன்னும் ஒன்று பாக்கி என்று காட்டியது. போன செவ்வாய்க்கிழமை, அவன் துண்டு போட்டு மூடிய அன்று அனுப்பியது.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது.

மூன்று தாள்களையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தாள்களில் மை இன்னும் காயவில்லை.

ஆதிரை மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தது.

"அம்மா, பாரேன்! காது ரெண்டும் தெரியணுமாம். வெள்ளைத் துணி முன்னாடி உக்கார வச்சு போட்டோ எடுத்தாங்க. சிரிக்கவே கூடாதுன்னுட்டாரு அந்த அங்கிள்."

"நல்லா இருக்குடா."

பின்னாலேயே தயாளன் வந்தான். ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் வாழையிலையில் கட்டிய பூ. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த துண்டைப் பார்த்தான்.

"தொடாதேன்னு சொன்னேன்ல?"

"சரியாகலைங்க. அப்படியேதான் சிமிட்டுது."

"ஐயே, பேப்பர்தாம்மா இல்ல!"

ஆதிரை தன் டிராயிங் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மேலே செருகினாள். அம்மா தடுப்பதற்குள் பட்டனையும் அமுக்கிவிட்டாள்.

இயந்திரம் தாளைக் கவ்வியது.

தயாளன் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினான்.

"இருங்கப்பா, வருது. என் பேர்த்டே கார்டு!"

முதலில் மூலையில் ஒரு சின்ன விமானம் வந்தது, நீலத்தில். பிறகு ஒரு தேதி. அடுத்த வியாழன்.

ஆதிரை குனிந்து எழுத்துக் கூட்டினாள். "அப்பா பேரு... கீழே என் பேரு..."

தாள் முழுதாக வெளியே வந்து விழுந்தது. பிள்ளை அதைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் அவள் வரைந்து பாதியில் விட்ட ஒரு மயில் மட்டும் இருந்தது.

"உன் பேரு அடுத்த பக்கத்துலயாம்மா?"

பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

பூப்பொட்டலத்தைத் தயாளன் மெல்ல மேசையில் வைத்தான்.

அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மா, வலிக்குது."

அவள் விடவில்லை.