லிஃப்டை உடைக்கப்போகிற சொர்ணம்

பொதுச்சொத்துச் சேதங்களை நடக்கும் முன்பே கணினியால் கணித்துத் தடுக்கும் அலுவலகத்திலிருந்து ஜெசிந்தா வந்திருந்தாள். தூத்துக்குடி அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு மாடி ஏறிய மூச்சிரைப்போடு, ஓய்வுபெற்ற நர்ஸ் சொர்ணத்திடம் கணினியின் கணிப்பைப் படித்துக் காட்டினாள். வியாழக்கிழமைக்குள் சொர்ணம் இந்தக் கட்டடத்து லிஃப்டை உடைப்பார் என்றிருந்தது.

"நானா? ஒரு டம்ளரைக்கூட உடைச்சதில்லையேம்மா!" என்று சொர்ணம் சிரித்தார். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து சுத்தியலை எடுத்து மேசைமேல் வைத்தார். "பொய் சொல்ல மாட்டேன். எத்தன தடவ எழுதிப் போட்டாச்சு! ஓடாத லிஃப்டு எதுக்கு? பக்கவாதம் வந்த மனுசன், அஞ்சு மாசமா கடலைப் பாக்கல."

சக்கர நாற்காலியில் இருந்த கணவர் அருளப்பன் சங்கடத்தோடு ஜன்னலைப் பார்த்தார்.

எச்சரித்துக் கையெழுத்து வாங்குவதுதான் ஜெசிந்தாவின் வேலை. அவளோ, படிவத்தில் தடுப்பு நடவடிக்கை என்ற இடத்தில் 'லிஃப்டைச் சரிசெய்யவும், அவசரம்' என்று எழுதி அனுப்பினாள். புகாருக்கு வராத மெக்கானிக்குகள், கணிப்புக்குப் பயந்து மறுநாளே நான்கு பேராக வந்தார்கள். புதன்கிழமை மாலை அருளப்பன் கடற்கரையில் சுண்டல் தின்றார். நாற்காலிச் சக்கரம் மணலில் புதைந்தபோது அவரும் சொர்ணமும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை கோப்பை முடிக்க வந்த ஜெசிந்தாவைக் கீழ்வீட்டு மாடத்தி வழிமறித்தாள்.

"எங்க தண்ணி மோட்டாரை நான் உடைக்கப்போறேன், எழுதிக்கோங்க."

"நிஜமாவா அக்கா?"

"நாளைக்கும் தண்ணி வரலைன்னா நிஜந்தான்."

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே புதிய படிவத்தை எடுத்தாள்.