பனி இல்லாத ஊரின் கூரை

மில்லிக்கன் பிளாசாவின் வியட்நாம் கோப்பிக்கடையில், சுவரில் தொங்கும் படத்தை அண்ணாந்து பார்த்தபடி கிருபன் நிற்கிறான். இருபது வருடமாகக் கூரை போடுகிறவன். எந்த வீட்டைக் கண்டாலும் கண் முதலில் முகட்டுக்குத்தான் போகும். படத்தில் இருப்பது டலாட் என்ற வியட்நாம் மலையூரில் பிரெஞ்சுக்காரர் கட்டிவிட்டுப் போன மஞ்சள் வீடு. செங்குத்தாகச் சரியும் கூரை, ஓரத்தில் தடித்த புகைக்கூடு. பெப்ரவரி வெயில் கண்ணாடியில் பட்டு, அந்தக் கூரையில் மட்டும் வெள்ளையாகத் தங்குகிறது. மேசையில் வடிகட்டியிலிருந்து கோப்பி சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. “உது ஸ்னோ வழுக்கி விழப் போட்ட சரிவு,” என்று மனைவி நிரூபாவிடம் சொல்லிவிட்டு, அங்கே பனி கொட்டுமோ என்று கடைக்கார லானிடம் ஆங்கிலத்தில் விசாரிக்கிறான். அது தன் மாமா வீடுதான், ஒருநாளும் கொட்டாது என்று அவள் கையை விரிக்கிறாள்.

“பிறகேன் உப்பிடிக் கட்டினவங்கள்? விசரோ?” என்கிறான் கிருபன்.

நிரூபா கைபேசியைப் பொத்திக்கொண்டு நிமிர்கிறாள். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் கால் கழுவவென்று, ஊர் வழக்கப்படி, தங்கள் வீட்டு வாசற்படியோரம் கிருபன் வைத்த குழாய், இந்த வருடமும் உறைந்து வெடித்திருக்கிறது. “பிளம்பர் லைனில நிக்கிறார். பைப்பை ஒரேயடியாக் கழட்டச் சொல்லட்டோ?”

கிருபன் படத்தை விட்டு நகரவில்லை. அந்தப் புகைக்கூட்டை இன்னும் இடிக்கவில்லையா என்று லானைக் கேட்கிறான். ஏன் இடிக்க வேண்டும், வருசப்பிறப்புக்கு வீட்டோடு சேர்த்து அதற்கும் மஞ்சள் அடிப்போமே என்கிறாள் அவள்.

நிரூபா கைபேசியைத் திரும்பக் காதில் வைக்கிறாள். “அண்ணை, புதுசா ஒண்டு போட்டுவிடுங்கோ.”