வேறு மாத்திரை ஏதாவது

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

டாக்டரம்மா கேட்டது அவளைத்தான். வியர்த்தது பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் புருஷனுக்கு.

"இல்லைங்க டாக்டர்," என்றாள்.

போன வாரம் இதே கேள்வியைக் கேட்டபோது அவன் வெளியே டோக்கன் வரிசையில் நின்றிருந்தான்.

மேஜைமேல் கேன். நேற்றுக் காலை ஆறு மணியிலிருந்து இன்று காலை ஆறு மணிவரை, ஒரு சொட்டு விடாமல் பிடித்த சிறுநீர். பேருந்தில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அவன் கேட்டும் கொடுக்கவில்லை.

ஒன்றரை வருடமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள், உடம்புக்குள் ஏதோ இருக்கிறது என்று. திடீரென நெஞ்சு படபடக்கும். தலை வெடிக்கும். சேலை தொப்பலாய் நனையும். கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும்.

ஒருவரும் நம்பவில்லை. அவனும்தான்.

இந்த டாக்டரம்மாதான் நம்பினார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் கட்டி இருக்கலாம், பயந்தால் சுரக்க வேண்டியதை அது சும்மா இருக்கும்போதே கொட்டும், ஒரு நாள் முழுக்கப் பிடித்த சிறுநீரில் அது தெரிந்துவிடும் என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. மனசுக்குக் குடுக்கிற மாத்திரை எதுவும் உள்ள போயிருந்தா டெஸ்ட் தப்பாக் காட்டும். கட்டி இருக்கிறவங்களுக்கு அது ஆபத்தும்கூட."

"சத்தியமா இல்லைங்க."

காலையில் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, கையில் கொடுக்கும் புருஷன் என்று தெருவில் அவனுக்கு நல்ல பேர். எட்டு மாதமாய் அந்தக் கஞ்சியில் ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டுக்கொண்டிருந்தான். மனநல டாக்டரிடம் வரமாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றதும், தானே போய்ச் சொல்லி வாங்கி வந்தது. அவள் நல்லதுக்குத்தான். அப்படித்தான் நினைத்தான், படுபாவி.

நேற்றும் போட்டான்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"நான் குடுத்தேன்."

அவன் குரல்தான். கஞ்சியில் என்றும் சொல்லிவிட்டான். எட்டு மாசம் என்றும்.

அவள் திரும்பவில்லை. கேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அது வந்தது. நெற்றியில் முத்து முத்தாய் வியர்த்தது. உதடு வெளுத்தது. கை நெஞ்சுக்குப் போனது. டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு நர்ஸைக் கூவி அழைத்தார்.

அவன் பதறிப்போய்ப் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். காலையில் அவனே நிரப்பி எடுத்து வந்தது.

அவளுக்கு நா வறண்டிருந்தது. பாட்டிலை வாங்கினாள்.

வாங்கி, அவனிடமே நீட்டினாள்.

"மொதல்ல நீங்க ஒரு மடக்கு குடிங்க."