எள்ளும் தண்ணீரும்

"கூஜாவைக் கீழ வை. ஊர் தெரியாதவன் கையால நான் தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்ல."

லெட்சுமணன் கூஜாவைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்தான். சபாபதி தம் சொந்தப் போத்தலிலிருந்து குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். பெக்கோக்கில் ரயில் பாதை பழுது பார்க்கும் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் அவர்தான். லெட்சுமணன் அந்த மாதம்தான் மாற்றலாகி வந்தவன். தண்டவாளத்து ஆப்புகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருவரும் ஆற்றுப் பாலம்வரை நடப்பது அன்றாட வேலை.

"எனக்கு ஊரே இல்ல மண்டோர். கப்பல்ல பொறந்தேன்."

"உங்கப்பனும் கப்பல்லதான் பொறந்தானா?"

லெட்சுமணன் சிரித்தான். அடுத்த ஆப்பைத் தட்டினான்.

"சரி, இதையாவது சொல்லு. ஜொகூர் பாருவுல சொகமா இருந்தவன், இந்தக் காய்ச்சக் காட்டுக்குக் கேட்டு வாங்கிக்கிட்டு வருவானா?"

"இங்க ஒருத்தருகிட்ட ஒரு சேதி சொல்லணும்."

"சொல்லிட்டியா?"

"இன்னும் வாய் வரல."

"ஒரு சேதி சொல்ல ஒரு மாசமா? நல்ல ஆளுதான் லா நீ!"

பாலம் வந்தது. மெயில் வண்டி கடந்து போகும்வரை பாலத்தில் கால் வைக்கக் கூடாது என்பது துரையின் கட்டளை. சபாபதி அதற்காகவே காத்திருந்தவர்போலச் சட்டையைக் கழற்றினார். அன்று ஆடி அமாவாசை.

ஆற்றில் முழுகி எழுந்து, எள்ளும் தண்ணீருமாய் அப்பனுக்கு விட்டார், ஆத்தாளுக்கு விட்டார். மூன்றாவது பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது.

"பேச்சியம்மாள்."

கரையில் நின்றவனின் கையிலிருந்த சுத்தியல் நழுவிக் கல்லில் விழுந்தது.

"மூணாவது யாரு, மண்டோர்?"

"என் மூத்த மக. கூலாய்ல இருந்தப்போ காய்ச்சல் கண்டுச்சு. கல்யாணம் ஆகாமலே போய்ட்டா. அதுக்கப்புறம் அந்த இடமே வேணாம்னு இங்க வந்துட்டோம்."

முதுகு வளையாமல் சொன்னார். சின்ன மகளைப் பெண் கேட்டுச் சிகாமட்டிலிருந்து வந்தவர்களிடமும் இதையேதான் சொல்லியிருந்தார். அவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு, சொல்லுக்கு இடமில்லாத குடும்பம் என்று மனநிறைவோடு போனார்கள். அந்தப் பெயர் கெடாமல் சின்னவளைக் கரையேற்றிவிட்டால் போதும், தலை நிமிர்ந்தபடியே கண்ணை மூடலாம்.

"ஆவணியில சின்னவளுக்குத் தாம்பூலம் மாத்துறோம். நீயும் வா. கடைசிப் பந்தியில உக்காந்து சாப்டுட்டுப் போ."

லெட்சுமணன் சுத்தியலை எடுத்து ஓரமாக வைத்தான். "எள்ளு மிச்சம் இருக்கா, மண்டோர்?" என்றான்.

"உனக்கு யாருடா?"

"பொண்டாட்டி. இந்தச் சித்திரையில, பிரசவத்துல. புள்ளையும் தங்கல."

சபாபதியின் முகம் இளகியது. மீதி எள்ளை முதல்முறையாகத் தம் கையாலேயே அவன் உள்ளங்கையில் கொட்டினார்.

"எள்ளுக்கு நான் ஊர் பாக்க மாட்டேன். பேரைச் சத்தமாச் சொல்லி விடு. அவ அப்பன் பேரையும் சேத்துச் சொல்லு. அப்பதான் போய்ச் சேரும்."

லெட்சுமணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். மெயில் வண்டி பாலத்தின்மேல் தடதடத்துப் போய் ஓயும்வரை காத்திருந்தான். பிறகு இரண்டு கைகளிலும் தண்ணீரை அள்ளி, மண்டோர் சொன்னபடியே, சத்தமாகச் சொன்னான்.

"சபாபதி மக பேச்சியம்மாள்."

மகளைக் கூட்டிக்கொண்டு போனவனின் பெயரைக்கூடக் காதில் வாங்காமல், அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டு ஊரை விட்டு வந்தவர், ஈர வேட்டியோடு அசையாமல் நின்றார்.

"இத்தனை வருசமா உசுரோட இருந்தவளுக்குத் தண்ணி விட்டீங்க, மாமா," என்றான் லெட்சுமணன். "இந்த வருசம் விட்டதுதான் அவளுக்குச் சேரும்."