எச் வரிசைச் சிரிப்பு

"எச் வரிசையில இருக்கிற எட்டுப் பேரையும் இப்பவே வெளியே அனுப்புய்யா" என்றார் மேனேஜர்.

டார்ச் அடித்து சீட் காட்டுகிறவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷத்தில் குடித்துவிட்டு வந்தவர்களை அனுப்பியிருக்கிறார், சட்டையைப் பிடித்தவர்களை அனுப்பியிருக்கிறார். சிரித்ததற்காக யாரையும் அனுப்பியதில்லை. அதுவும் சிரிப்புப் படத்தில்.

புகார் சொன்னவர் ஜி வரிசையில் இருந்த சினிமா விமர்சகர். பின்னால் உட்கார்ந்து காது கிழியக் கத்துகிறார்களாம். அனுப்பாவிட்டால் தியேட்டரையும் சேர்த்துக் கிழித்து எழுதுவாராம். அந்த ஆள் எழுதினால் ரெண்டு மாசத்துக்கு ஈதான் ஓட்டணும் என்று மேனேஜருக்கு உதறல்.

உள்ளே போனால் அரங்கமே அதிர்ந்தது. திரையில் புது மாப்பிள்ளை ஒருத்தன் வீடியோ கேமுக்குள் மாட்டிக்கொண்டிருந்தான். மூணே உயிர். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அரக்கியாக வந்து நிற்பது அவன் மாமியார். "குதிடா, குதி" என்று மொத்தக் கூட்டமும் அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. எச் வரிசை கொஞ்சம் கூடுதலாகச் சொன்னது, அவ்வளவுதான்.

எட்டுப் பேரும் தையல் கம்பெனிப் பெண்கள். நாள் முழுக்க மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகின தொண்டை. ரகசியம் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும்.

டார்ச்காரர் குனிந்து விஷயத்தைச் சொன்னார். எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்க ஏழு மாசம் ஆச்சு என்றாள் மூத்தவள். கோபப்படவில்லை. குரல்தான் இறங்கிப் போயிருந்தது. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

யார் புகார் சொன்னது என்று விசாரித்த ஓர சீட்டுப் பெண், முன் வரிசையை எட்டிப் பார்த்தாள். பிறகு தன் போனை நீட்டினாள்.

"இவருதானேண்ணே? படிங்க."

போட்டோவில் அதே முகம். கீழே விமர்சனம்: 'முதல் காட்சியில் அரங்கமே மயான அமைதி. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இடைவேளைக்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன்.'

விமர்சனம் வெளியான நேரம், இன்று காலை எட்டு மணி. படத்தின் முதல் காட்சியே இப்போது ஓடுவதுதான். பதினொரு மணிக்கு டார்ச்காரர் தன் கையால்தான் கதவைத் திறந்தார்.

அடுத்தவன் சிரிப்பு அந்த ஆளை ஏன் அப்படிக் குத்தியது என்று டார்ச்காரருக்கு இப்போது விளங்கியது. அந்தப் போனோடு நேராக ஜி வரிசைக்குப் போனார்.

"எழுந்திருங்க சார். இடைவேளை வரப்போகுது. அதுக்கு முன்னாடியே போயிட்டதா எழுதியிருக்கீங்க. வாங்க, வழி காட்டறேன்."

விமர்சகர் போனைப் பார்த்தார். எழுந்தார். வாசல் வரைக்கும் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரையில் மாப்பிள்ளைக்குக் கடைசி உயிர். மாமியார் துரத்துகிறாள். "இடது பக்கம் குதிடா" என்று விமர்சகரின் வாயிலிருந்தே வந்துவிட்டது.

எச் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"இந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துட்டுப் போறேனே" என்று கெஞ்சினார்.

"பார்த்துட்டு எழுதுங்கன்னு உங்க ஆபீஸ்ல யாரும் சொல்லலியா சார்?"

"சொன்னாங்க" என்றார்.