நாலாவது வீட்டு டம்ளர்

அன்று வாய்க்கால்கரைத் தெருவில் யாரும் நடவுக்குப் போகவில்லை. ஃபைலோடு ஒருவர் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்.

"அவரு எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. சீக்கிரம் கழுவிக் குடுங்கக்கா!" கொல்லையில் பரபரத்தாள் சுடர்விழி.

அடுத்த வீட்டு வேலியைத் தாண்டி வெள்ளி டம்ளர் வந்தது. மோரை ஊற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"இது மூணாவது மோரும்மா," என்றவர் டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். "மூணு வீட்டு டம்ளரும் ஒரே இடத்துல நசுங்கியிருக்கே?"

சுடர்விழி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தெருவுக்கே ஒண்ணுதான் சார். வர்றவங்களுக்கு நல்ல டம்ளர்ல குடுக்கணும்ல?"

"ஏழைங்க பட்டியல்ல சேக்கச் சொல்லி தெருவே மனு போட்டிருக்கீங்க. விசாரிக்க வந்தவனுக்கு வெள்ளி டம்ளரா?"

"காசு இல்லைன்னுதான் சார் எழுதினோம். மனுஷங்க இல்லைன்னு எழுதலையே!"

வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. அவரும் சிரித்தார்.

நாலாவது வீட்டுக்கு டம்ளரை அவரே எடுத்துக்கொண்டு நடந்தார்.