ஓங்கிய கை

தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில், கறி வெட்டும் கட்டைமேல் நெல்லிக்காய் அளவில் நடுங்குகிறது. கறிக்கடைக்காரன் கத்தியை ஓங்குகிறான். பாதியிலேயே கை தொப்பென்று விழ, கத்தி ஆட்டுத் தொடையெலும்பில் வழுக்கிக் கட்டையின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போகிறது. நேற்றுத்தான் தடுப்பூசி போட்டான். வலது மேல்கை வீங்கிக் கல்லாகக் கிடக்கிறது. உடம்பு அனலாய்க் கொதிக்க, பல் தந்தியடிக்கிறது. அவன் மனைவி மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டுகிறாள்.

"போட்டுக்கிட்டு கொஞ்சம் படுங்க. ரெண்டு நாள்ல சரியாயிடுமாம்."

"எனக்கே புத்தி சொல்றியாடி?"

தம்ளரை இடது கையால் தட்டிவிடுகிறான். பழக்கதோஷத்தில் வலது கையை ஓங்குகிறான். அவளும் பழக்கதோஷத்தில், அவன் அடித்து அடித்துப் பாதி செவிடாகிப்போன இடது காதைப் பொத்திக்கொள்கிறாள். அறை விழவில்லை. காதிலிருந்து கையை எடுத்துப் பார்க்கிறாள். அவன் கை இடுப்புக்கு மேலே ஏறாமல் தொங்குகிறது.

"ஐயோ... வெட்டுற கையில போய் குத்தியிருக்காளே, அந்த நர்ஸு!"

நேற்று ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் இவன். மற்றக் கையில் போடுவதற்காக, எந்தக் கை புழக்கம் என்று நர்ஸ் கேட்டது அவளிடம்தான்.

"அவங்கமேல தப்பில்ல. உனக்கு இடது கைதான் பழக்கம்னு நான்தான் சொன்னேன்."

முதல்முறையாக அவனை 'உனக்கு' என்கிறாள். கட்டையில் கிடக்கும் கத்தியை இரண்டு கையாலும் எடுத்து ஓங்கி இறக்குகிறாள். எலும்பு இரண்டாகப் பிளக்கிறது. ஈக்கள் குபீரென்று எழும்புகின்றன. அவன் ஓர் எட்டு பின்னால் போகிறான்.